வெல்லக் கொப்பரைக்கு ஒரு மோட்டார்

பதினோராவது முறையாகக் கல்வராயன் மலை என் மூக்குக்கு நேரே வந்தது.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முதலில் மலை, அடுத்து வரிசையாக நிற்கும் பனைகள், அடுத்து மதகு, அடுத்து கரைமேல் கையில் குச்சியோடு நிற்கும் எங்கள் ஊர் அஞ்சலை, அப்புறம் மறுபடியும் மலை. இவற்றில் எதுவும் இடத்தைவிட்டு நகரவில்லை. ஏரியின் நடுவில், எட்டடி அகலமுள்ள வெல்லக் கொப்பரைக்குள் மணைப்பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு நான்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். கையில் வெளிநாட்டுத் தூண்டில். அதன் நைலான் நரம்பு கொப்பரையை மூன்று சுற்றும் என்னை ஒரு சுற்றும் சுற்றியிருந்தது.

"சார், எதனா தொலைச்சிட்டீங்களா?" என்று அஞ்சலை கரையிலிருந்து குரல் கொடுத்தார்.

"இல்லம்மா. மீன் பிடிக்கிறேன்."

"சுத்திக்கினே இருக்கீங்களே!"

"அது தானா சுத்துது."

அவர் சற்று யோசித்தார். "மீனுக்குத் தல சுத்தி, அதுவே மேல வரும்னு பாக்கறீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் பனைமரங்கள் வந்துவிட்டன.

ஒரு நாட்குறிப்பு குறைகிறது

இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்குத் தெரியும். எந்தச் சம்பவத்தையும் தேதி போடாமல் எழுத எனக்கு வராது. கிளை அஞ்சலகத்தில் முப்பத்தோரு வருடம் தினமும் காலையில் முத்திரையின் தேதியை மாற்றியவன் நான். நேற்றைய தேதியோடு ஒரு கடிதமும் என் கையைத் தாண்டிப் போனதில்லை. சென்ற வாரம் டவுன் பஸ் பற்றி எழுதியதில் செவ்வாய் என்று போட்டது புதன்கிழமை என்று வடக்கனந்தல் வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார். சரிதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் குறைந்தது.

ஆனால் இந்த வாரம் தேதி கிடையாது. என் அலமாரியில் நாற்பத்து நான்கு நாட்குறிப்புகள் இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்து மூன்றுதான் இருக்கின்றன. இந்தச் சம்பவம் நடந்த வருடத்து நாட்குறிப்பு ஏரிக்குள் இருக்கிறது. அது எப்படி அங்கே போனது என்பதும் இதே கதைதான்.

ஆகவே, கார்த்திகை தீபம் கழிந்துவிட்டது, மார்கழிக் கோலம் இன்னும் தொடங்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அதுவும் நினைவிலிருந்து அல்ல. அந்த வாரம் எங்கள் வீட்டுக்குச் சிலிண்டர் வந்த ரசீதை வைத்துக் கண்டுபிடித்தது.

மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போன பெட்டி

என் மகள் கவிதாவும் மாப்பிள்ளை பிரபாகரும் கனடாவில் இருக்கிறார்கள். அந்த ஊரில் ஏரிக்குப் பஞ்சமில்லை. நம் ஊரில் தெருவுக்கு ஒரு டீக்கடை மாதிரி, அங்கே தெரு முடிகிற இடத்தில் ஓர் ஏரி இருக்குமாம். ஓய்வு பெற்ற மாமனாருக்குப் பொழுது போகட்டும் என்று, முந்தைய விடுமுறையில் வந்தபோது மாப்பிள்ளை ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

உள்ளே இரண்டாக மடங்கும் தடி, கைக்கடிகாரம்போல் நுட்பமான ரீல், முடியைவிடச் சற்றே தடித்த நரம்பு, ஈயக்குண்டுகள், பதினாறு பொம்மை மீன்கள். ஒவ்வொரு பொம்மை மீனின் வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள். கண்கள் நிஜ மீனைவிட உயிரோடு இருந்தன. ஒன்று என்னைக் கொஞ்சம் ஏளனமாகப் பார்த்தது.

"கரையில உக்காந்து போடற தூண்டில் இல்ல மாமா," என்றார் மாப்பிள்ளை. "படகுல போகணும். பின்னாடி நரம்பை முப்பது, நாப்பது அடி விட்டுடணும். படகு நேரா, நடக்கற வேகத்துல போய்க்கினே இருக்கணும். பொம்மை பின்னாடி நீந்திக்கினு வரும். பெரிய மீனு அத்த நிஜம்னு நம்பித் துரத்தும். இதுக்குப் பேரு ட்ரோலிங்."

"படகு நிக்கக் கூடாதா?"

"நிக்கவும் கூடாது, வேகம் மாறவும் கூடாது. முக்கியமா, நேராப் போகணும்."

நேராக என்ற அந்த ஒரு சொல்லின் கனத்தை அன்று நான் உணரவில்லை.

மூன்று கிலோ

அவர்கள் ஊருக்குத் திரும்பியபின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோ அழைப்பு வரும். முதல் கேள்வி உடல்நலம் பற்றியது. இரண்டாவது, "ட்ரோலிங் போனீங்களா மாமா?" ஏரியில் தண்ணீர் இல்லை என்று ஆறு மாதம் தப்பித்தேன். புரட்டாசியில் அணை வாய்க்காலைத் திறந்தார்கள், ஐப்பசியில் மழை கொட்டியது, ஏரி நிரம்பிவிட்டது. என் காரணமும் மூழ்கிவிட்டது.

ஒரு ஞாயிறு, களமருதூரிலிருந்து சம்பந்தியும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா. ஆறு ஏக்கர் நெல் விவசாயம் செய்கிறவர், கை வீசி நடக்கிறவர். மாப்பிள்ளை வழக்கம்போல் கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்:

"இன்னாத்துக்குப்பா அவர இம்சை பண்ற? ஆயுசு பூரா தபால்தலைக்குப் பசை தடவினவரு. அவருக்குப் படகும் மீனும் எங்க?"

அவர் சிரித்தார். என் மனைவி சரோஜாவும் சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை.

"போன வாரமே புடிச்சிட்டேனே," என்றேன். "விரால். மூணு கிலோ."

சம்பந்தியின் சிரிப்பு நின்றது. மாப்பிள்ளை திரையில் கைதட்டினார். அவர் பக்கத்திலிருந்து கவிதா சொன்னாள்: "எங்கப்பா டைரி எழுதறவரு. அவரு சொன்னாருன்னா அது நடந்தது."

அன்றைய நாட்குறிப்புப் பக்கத்தில் வானிலையை மட்டும் எழுதினேன். மேகமூட்டம்.

அதோடு முடியவில்லை. தைப்பொங்கலுக்கு மாப்பிள்ளை வரப்போவதாகவும், வந்ததும் முதல் வேலையாக என்னோடு ஏரிக்கு வருவதாகவும் சொன்னார். எனக்கு இரண்டு மாதங்கள் இருந்தன. அதற்குள் அந்த மூன்று கிலோ விராலை நான் பிடித்தே ஆகவேண்டும். நடந்ததைப் பிறகு எழுதுவதுதான் என் வழக்கம். சொன்னதைப் பிறகு நடத்த முயன்றது அந்த ஒருமுறைதான்.

எதில் ஏறுவது?

எங்கள் ஏரியில் வலை போடுவதென்றால் குத்தகைக்காரரைக் கேட்கவேண்டும். தூண்டிலுக்கு யாரும் கேட்பதில்லை. எனவே சட்டச் சிக்கல் இல்லை. சிக்கல் படகில்தான். எங்கள் ஊரில் யாரிடமும் படகு கிடையாது.

முதலில் டிராக்டர் டியூபைப் பரிசீலித்தேன். காற்றடித்த டியூபின் நடுவில் பலகை கட்டி உட்காரலாம் என்று என் மச்சினன் தணிகாசலம் சொன்னான். சரோஜாவின் தம்பி. கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு போட்டு, சொந்தமாக வெல்ல ஆலையும் வைத்திருக்கிறான். டியூபைக் கரையில் வைத்து, தடியை நிமிர்த்தி, பொம்மை மீனைக் கட்டினேன். காற்றில் அது ஒருமுறை ஆடியது. ஆறு முட்களில் இரண்டு டியூபைத் தொட்டன. டியூப் நீண்ட பெருமூச்சு விட்டது.

"தண்ணியில வெச்சு இத்தப் பண்ணாம இருந்தீங்களே மாமா, அதுவே பெருசு," என்றான் தணிகாசலம்.

குத்தகைக்காரரின் ஆட்கள் தெர்மாகோல் தெப்பத்தில் போவார்கள். அதில் ஒருவர் என்னை ஏற்றிப் பார்த்தார். அவர் எடைக்குச் செய்த தெப்பம் அது. நான் மூழ்கவில்லை. ஆனால் இடுப்புவரை ஏரியில் அமர்ந்திருந்தேன். ரீலில் தண்ணீர் படக்கூடாது என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார்.

கடைசியில் தணிகாசலத்தின் ஆலைக்குப் போனபோது, சுவரோரம் சாய்த்துவைத்திருந்த கொப்பரையைப் பார்த்தேன். கரும்புச்சாற்றைக் காய்ச்சுகிற இரும்புக் கொப்பரை. எட்டடி அகலம், தட்டையான அடி, முழங்கால் உயர விளிம்பு, தூக்குவதற்கு நாலு பக்கமும் இரும்புக் காது. ஏதோ ஒரு வெள்ளத்தின்போது இதில் ஓர் ஆட்டுக்குட்டியையும் இரண்டு மனிதர்களையும் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனதாக அவன் அப்பா சொல்வாராம்.

"மார்கழி பொறந்தா அடுப்பு பத்தவெக்கணும்," என்றான் தணிகாசலம். "பொங்கலுக்கு வெல்லம் போவணும். அதுக்குள்ள திருப்பிக் குடுத்துடணும், மாமா. ஓட்ட கீட்ட வுட்டீங்கன்னா அக்காகிட்ட சொல்லிடுவேன்."

துடுப்புக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. பாகு கிண்டுகிற ஆள் உயர மரத்துடுப்பையே கொடுத்தான். வலப்பக்கம் போட்டால் கொப்பரை இடப்பக்கம் சுற்றியது. இடப்பக்கம் போட்டால் வலப்பக்கம் சுற்றியது. அவனும் நானும் ஆளுக்கொரு பக்கம் போட்டுப் பார்த்தோம். அவன் பலம் அதிகம். அவன் பலத்துக்குத் தகுந்தபடி வேகமாகச் சுற்றியது.

வட்டமான எந்தப் பாத்திரத்துக்கும் முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. இத்தனை வருடம் புத்தகம் படித்தும் இது எனக்கு ஏரி நடுவில்தான் விளங்கியது.

எறும்பும் வெந்தயமும்

படகு ஒழுங்காக இல்லாவிட்டாலும் கருவிகளை ஒழுங்காகப் பராமரித்தேன். இதில் எனக்குக் குற்ற உணர்வு எதுவும் இல்லை.

ரீலை ஒவ்வொரு நாளும் மல்துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுவேன். நரம்பை முழுவதும் உருவி, கீறல் இருக்கிறதா என்று விரலில் தடவிப் பார்த்துத் திரும்பச் சுற்றுவேன். நாற்பதடி நரம்பை உருவ எங்கள் வீட்டுக் கூடம் போதாது. ஒரு முனையைக் கூடத்து ஜன்னலிலும் மறுமுனையைக் கொல்லைப்புறத்து முருங்கையிலும் கட்டினேன். சரோஜா அதில் துணி காயப்போட்டாள்.

முட்கள் துருப்பிடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவினேன். எறும்பு வந்தது. கொப்பரையை எத்தனை தேய்த்தும் அதன் மூலைமுடுக்கில் வெல்லம் இருந்தது. அதற்கும் எறும்பு வந்தது. நான் தண்ணீரில் இறங்குகிறபோதெல்லாம் என்னோடு நூறு இருநூறு எறும்புகளும் பயணம் செய்தன. நடு ஏரியில் அவற்றுக்குப் போக்கிடம் கிடையாது. எனக்கும் கிடையாது.

பதினாறு பொம்மை மீன்களையும் ஒன்றோடொன்று சிக்காமல் வைக்க அறைகள் உள்ள பெட்டி தேவைப்பட்டது. சரோஜா பரண்மேல் போட்டிருந்த பழைய அஞ்சறைப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். அறைக்கு மூன்று நான்காக அழகாக அடங்கின. ஒரே குறை, எல்லாவற்றிலும் வெந்தயமும் பெருங்காயமும் மணந்தன.

தணிகாசலம் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தான்.

"மீனுக்கே கொழம்பு வாசனைய காட்டினா, அது எப்டி மாமா கிட்ட வரும்? அதுக்கும் புத்தி இருக்குதில்ல?"

அதில் நியாயம் இருந்தது. ஒரு முழு நாள் அவற்றைச் சாம்பல் போட்டுக் கழுவினேன்.

கொப்பரை சுற்றாமல் நிற்க ஒரு நங்கூரமும் ஏற்பாடு செய்தேன். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டி எங்கள் வீட்டில் சும்மா கிடந்தது. அதன் கொக்கிகளுக்குத் துரு எடுத்து, நைலான் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கொப்பரையின் ஒரு காதில் முடிந்தேன். ஏரியின் ஆழத்தை அளக்காமல் கயிற்றை வெட்டியது என் தவறு. கரண்டி தரையைத் தொடவில்லை. நீருக்குள் ஆளுயர ஆழத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அந்தக் காலைக்குத் திரும்பலாம்.

பவுனு

மறுநாள் கொப்பரையைத் திருப்பித் தரவேண்டும். தணிகாசலம் அடுப்புக்கு மண் பூசிவிட்டான். எனக்கு அதுதான் கடைசிக் காலை. அவனுக்குக் கரும்பு வெட்டு இருந்ததால் நான் தனியாக இறங்கினேன். மீன் விழுந்த கணத்திலேயே நேரத்தைக் குறித்துவிட வேண்டும் என்று நாட்குறிப்பைத் தொடைக்கடியில் வைத்திருந்தேன்.

பன்னிரண்டாவது சுற்றில், என்மேலும் கொப்பரைமேலும் சுற்றியிருந்த நரம்பை ஒருவழியாக விடுவித்துப் பொம்மை மீனைத் தண்ணீரில் விட்டேன். பதின்மூன்றாவது சுற்றில் கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு கரிய பாறை எழுந்தது. பாறைக்குக் கொம்புகள் இருந்தன.

அஞ்சலையின் எருமை. பவுனு என்று பெயர். அஞ்சலை நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். நிலம் கிடையாது. அவர் வீட்டில் பால் தருவதும் பள்ளிக்கூடச் செலவைத் தாங்குவதும் இந்த ஒரே எருமைதான். அது நிறைசினையாக வேறு இருந்தது. குளிப்பாட்ட இறக்கிவிட்டதை வெல்ல வாசனை இழுத்துவந்துவிட்டது. விளிம்பில் தாடையை வைத்து, கொப்பரையின் உட்புறத்தைப் பொறுமையாக நக்கியது. எறும்புகள் உள்பட.

"சார்! முள்ளு கிள்ளு குத்திடப் போவுது! தொரத்தி வுடுங்க!"

"போ, போ" என்றேன். முப்பத்தோரு வருட அஞ்சலக அனுபவத்தில் எருமையை அதட்டும் சந்தர்ப்பம் வந்ததில்லை. அது என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பவுனூ! பா... பா... வூட்டுக்கு வா!" என்று அஞ்சலை கூப்பிட்டார்.

அதற்குமட்டும் அது காது கொடுத்தது. திரும்பியது. கழுத்துக் கயிறு நீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. என் பாதாளக் கரண்டியும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் வாளியைத் தேடித் தேடிப் பழகிய கரண்டி அது. கயிற்றைக் கண்டதும் கவ்விக்கொண்டது.

கொப்பரை ஒரு குலுக்கலோடு நின்றது. பிறகு புறப்பட்டது.

நேராக.

வாசகர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு மாதமாக அந்தக் கொப்பரை ஓரடிகூட நேராகப் போனதில்லை. இப்போது மலை என் முதுகுப்பக்கம் இருந்தது, அங்கேயே இருந்தது. நிறைசினை எருமை அவசரப்படாது, நிற்காது, வேகம் மாறாது. நடக்கிற வேகம். கொப்பரைக்குப் பின்னால் நரம்பு தானாக நீண்டு, நாற்பதடி தூரத்தில் பொம்மை மீன் தண்ணீருக்கடியில் வாலாட்டிக்கொண்டு வருவதைத் தடியின் நுனி எனக்குச் சொன்னது. மாப்பிள்ளை சொன்னதன் பொருள் முழுதாக விளங்கிய கணம் அதுதான்.

"சார்! அய்யய்யோ! கயித்த அறுத்து வுடுங்க! செனை மாடு சார்!"

என்னிடம் பேனாக்கத்தி இருந்தது. எடுத்தேன், திறந்தேன், கயிற்றில் வைத்தேன். அந்த நொடியில் தடி வளைந்தது.

ரீல் அலறியது. தூரத்தில் தண்ணீர் வெடித்து, புள்ளிபோட்ட ஒரு முதுகு புரண்டு மறைந்தது. விரால். ஒரு கையில் கத்தி, மறுகையில் தடி. கயிற்றை அறுத்தால் கொப்பரை மறுபடி சுற்றத் தொடங்கும், நரம்பு தளரும், மீன் போய்விடும்.

நான் அறுக்கவில்லை. இதை மறைத்து எழுதலாம். அன்று கொஞ்சம் தயங்கினேன், அதற்குள் கரை வந்துவிட்டது என்று எழுதினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் நான் தயங்கவில்லை. கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் வைத்தேன். அந்தப் பெண் தன் பிழைப்புக்காகக் கரையில் நின்று கூவிக்கொண்டிருந்தார். நான் மூன்று கிலோவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கையாலும் தடியைப் பிடிக்க எழுந்து நின்றேன். கொப்பரை சாய்ந்தது. தொடைக்கடியில் இருந்த நாட்குறிப்பு விளிம்பில் வழுக்கி, ஒரு சத்தமும் இல்லாமல், பதினோரு மாத வானிலையோடு உள்ளே போனது.

பவுனு கரையை அடைந்தது. அங்கேயும் நிற்கவில்லை. கொப்பரையைத் தண்ணீரிலிருந்து சேற்றுக்கும், சேற்றிலிருந்து கோரைக்கும் இழுத்துக்கொண்டு ஏறியது. நான் உள்ளே நின்றபடியே தரைக்கு வந்தேன். எனக்கு நாற்பதடி பின்னால் விராலும் வந்தது. நான் ரீலை ஒரு சுற்றும் சுற்றவில்லை.

விதைக்காரர் பங்கு

அஞ்சலை கரையோரமாக ஓடிவந்தார். முதலில் எருமையின் கழுத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, கண்ணை மூடி, நெடுநேரம் நின்றார். உள்ளே ஏதோ உதைத்திருக்க வேண்டும். அவர் முகம் இளகியது. அந்த நேரம் முழுவதும் நான் கொப்பரைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். இறங்கத் தைரியம் வரவில்லை.

"படிச்சவரு நீங்க," என்றார். அவ்வளவுதான். அதைவிட வசையாக எதுவும் சொல்லியிருக்க முடியாது.

"தப்புதான்மா."

"தப்புதான்." பிறகு அவர் கண் சேற்றில் துள்ளிக்கொண்டிருந்த விரால்மேல் விழுந்தது. "இது யாருது?"

அதற்குள் கொப்பரையைப் பார்க்க வந்த தணிகாசலமும் சேர்ந்துகொண்டான். வரப்பிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். சிரித்து அடங்கவே நேரமானது.

"கொப்பர என்னுது. எனக்குப் பாதி," என்றான்.

"சரி, வாரக் கணக்குப்படியே பாப்போம்," என்றார் அஞ்சலை. குத்தகை நிலத்தில் விளைந்ததை ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பதை எங்கள் பக்கம் வாரம் என்போம். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் நெல்லை இப்படிப் பிரிப்பதைக் களத்தில் நின்று பார்த்தவர் அவர். விரலை மடக்கத் தொடங்கினார். "நெலம் ஏரி. அது கேக்காது. கலப்ப தணிகாசலத்துது. மாடு என்னுது. ஓட்டிக்கினு வந்ததும் நானு, கரையிலருந்து கூப்ட்டது யாரு? சாரு இன்னா குடுத்தாரு?"

"தூண்டில்," என்றேன்.

"அது வெத. வெதக்காரருக்கு வெதய திருப்பிக் குடுத்துடறது வழக்கம்."

விராலின் வாயிலிருந்து பொம்மை மீனை லாகவமாகக் கழற்றி, முந்தானையில் துடைத்து, என் கையில் வைத்தார்.

தணிகாசலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கணக்கில் பிழை இல்லை. ஒரே ஒரு படம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சிக் கேட்டு, விராலைக் கையில் ஏந்தி நின்றேன். தணிகாசலம் எடுத்தான். பவுனுவின் தலையும் படத்தில் விழுந்துவிட்டது. எடை போட்டோம். மூன்று கிலோவுக்கு நூற்றுப்பத்து கிராம் கம்மி.

வாலும் தலையும் தணிகாசலத்துக்கு, நடுத்துண்டு அஞ்சலைக்கு. சரோஜா அன்று வைத்தது கத்தரிக்காய்க் குழம்பு.

தேதி

படத்தைக் கவிதாவுக்கும் மாப்பிள்ளைக்கும் அனுப்பிவிட்டு, நிம்மதியாகச் சாய்ந்தேன். பொய் உண்மையாகிவிட்டது. அதற்காக ஒரு நாட்குறிப்பைக் கொடுத்தாயிற்று, போகட்டும்.

மாப்பிள்ளையிடமிருந்து பதில் வந்தது: "அருமை மாமா! ஆனா படத்துல இன்னிக்குத் தேதி காட்டுதே? நீங்க புடிச்சது போன மாசமில்ல?"

முப்பத்தோரு வருடம் மற்றவர்களின் கடிதத்துக்குத் தேதி குத்தியவன் நான். என் சொந்தத் தேதியை மறந்துவிட்டேன்.

"இது ரெண்டாவது மீன்," என்று பதில் எழுதினேன். ஒரு மீனைப் பிடித்து ஒரு பொய்யை அடைக்கப் போனவன், மறுபடி ஒரு மீன் குறைவோடு நின்றேன்.

"மோட்டார் இன்னா போட்டிருக்கீங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது.

யோசித்து எழுதினேன்: "உள்ளூர் மோட்டார். சத்தம் கிடையாது. பெட்ரோல் வேண்டாம். ஒரே சீரான வேகம்."

"வந்ததும் அத்ததான் மொதல்ல பாக்கணும்," என்றார் மாப்பிள்ளை.

தை

அந்த வருடம் தணிகாசலத்தின் வெல்லத்தை ஊரே ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கியது. புளியும் சாம்பலும் போட்டுக் கொப்பரையை நாலு தடவை தேய்த்ததாக அவன் சத்தியம் செய்தான். எங்கள் வீட்டுப் பொங்கலில் மீன் வாசனை ஏதும் வரவில்லை. சம்பந்தி மட்டும் சற்று அதிகநேரம் முகர்ந்தார்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். மாப்பிள்ளை காலையிலேயே காமிராவோடு கிளம்பிவிட்டார். கவிதாவும் வந்தாள். நான் முன்னால் நடந்தேன். வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எதுவும் தேறவில்லை. அஞ்சலையின் வீட்டு வாசலில் போய் நின்றோம்.

கொட்டகையில் பவுனு நின்றிருந்தது. கொம்பில் நீலச்சாயம், கழுத்தில் புதுக்கயிறு, நெற்றியில் குங்குமம். காலடியில், இன்னும் சரியாக நிற்கத் தெரியாமல், நனைந்த கரித்துண்டுபோல் ஒரு கன்று.

"மோட்டார் எங்க மாமா?" என்றார் மாப்பிள்ளை.

நான் கை காட்டினேன்.

அவர் எருமையைப் பார்த்தார், அதற்குப் பின்னால் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அஞ்சலை உள்ளிருந்து வந்து, எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார்.

"ஏரிக்கா? இன்னும் ஒரு மாசத்துக்கு அனுப்பமாட்டேன். நேத்துதான் பொட்டக்கன்னு போட்டிருக்குது."

அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. கொட்டகையில் நின்றபடியே, கரண்டி, கத்தி, கத்தியை மடக்கியது, வாரம் பிரித்தது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கடைசியில், அந்த முதல் மீன் இல்லவே இல்லை என்றும் சொன்னேன். சொல்லும்போது கவிதாவைப் பார்க்கவில்லை.

"தெரியும்பா," என்றாள்.

"எப்பத்திலருந்து?"

"நீங்க சொன்ன அன்னிக்கே. நெஜமாவே புடிச்சிருந்தா கிராம் வரைக்கும் சொல்லியிருப்பீங்க. மூணு கிலோன்னு முழுசா சொன்னீங்களே, அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்மா அப்படிச் சொன்ன? அப்பா சொன்னா நடந்ததுன்னு?"

"எங்க மாமனார் சிரிச்சாரில்ல," என்றாள். "எனக்கும் தாங்கல."

மாப்பிள்ளை எருமையைச் சுற்றி வந்தார். தோளுயரத்தைக் கையால் அளந்தார். பிறகு அஞ்சலையிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஒரு மாசம் கழிச்சுன்னா, வேகம் இதே மாதிரி இருக்குங்களா?"

"அதெல்லாம் கம்மியாவாது," என்றார் அஞ்சலை. "ஆனா இந்த வாட்டி பங்க மொதல்லயே பேசிக்கணும்."

உள்ளே போய், ஒரு தூக்கு நிறையச் சீம்பால் கொண்டுவந்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். வெல்லம் போட்டுக் காய்ச்சச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் புது வருடத்து நாட்குறிப்பை எடுத்தேன். இரண்டு வாரமாக அதில் ஓர் எழுத்தும் எழுதியிருக்கவில்லை. முந்தைய நாளின் பக்கத்தைத் திறந்து, தேதியை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு எழுதினேன்:

"மோட்டார் கன்று ஈன்றது. கிடாரி. இரண்டும் நலம்."